இரணியன் வரமும் கடைசி ட்விஸ்ட்டும்: திரில்லருக்கும் ஃபேன்டஸிக்கும் கருத்து எழுதப் பழகுவது எப்படி

"படம் செம. செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக். ட்விஸ்ட் எதிர்பார்க்கவே இல்ல." முதல் காட்சி முடிந்து சென்னைத் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால் வரும் பதில் இது. பேசுபவர் மனதில் நிஜமாகவே ஒரு கருத்து இருக்கிறது. ஆனால் இந்த மூன்று வரியை எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். மனதில் இருப்பதை அந்தப் படத்துக்கு, அந்த நாவலுக்கு மட்டுமே பொருந்தும்படி எழுதப் பழகுவதற்கான வழி கீழே இருக்கிறது. திரில்லருக்கும் ஃபேன்டஸிக்கும் ஒரே அளவுகோல்தான்.

படி 1: அளவுகோலைப் புரிந்துகொள்ளுங்கள்

இரணியன் கேட்ட வரம் எல்லாருக்கும் தெரியும். பகலில் சாகக் கூடாது, இரவிலும் கூடாது. வீட்டுக்குள் கூடாது, வெளியிலும் கூடாது. மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது. தரையில் கூடாது, வானத்திலும் கூடாது, ஆயுதமும் ஆகாது. பிறகு அந்தி நேரம், வாசற்படி, நரசிங்கம், மடி, நகம். ஒரு நிபந்தனையும் மீறப்படவில்லை. வரத்தை முதலிலேயே முழுதாகக் கேட்டுவிட்டோம், ஆனாலும் விடை நமக்குத் தோன்றவில்லை. விடை வந்ததும் "அட, ஆமாம்!" என்கிறோம்.

இதில் ஒரு ஃபேன்டஸியின் மந்திர விதியும் இருக்கிறது, ஒரு திரில்லரின் ட்விஸ்ட்டும் இருக்கிறது. ஆகவே இரண்டு வகைக்கும் முதல் கேள்வி இதுதான்: கடைசியில் வந்து காப்பாற்றிய விஷயம் நமக்கு முன்பே சொல்லப்பட்டதா? சொல்லப்பட்டும் கவனிக்காமல் விட்டிருந்தால் கதை வென்றது. சொல்லவே இல்லையென்றால், எத்தனை பேர் கைதட்டினாலும் அது குறைதான். நடிப்பு, ஒளிப்பதிவு, பின்னணி இசை எல்லாம் இதற்குப் பிறகு.

படி 2: ஒரு தாள், மூன்று பத்தி

ஏ4 தாளை நெடுக்காக மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நேரம் அல்லது பக்க எண். இரண்டாவதில் சொல்லப்பட்ட தகவல். மூன்றாவதைக் காலியாக விடுங்கள், அந்தத் தகவல் பிறகு எங்கே பயன்பட்டது என்பதை எழுதுவதற்கு. படத்துக்கு ஒரு தாள், நானூறு பக்க நாவலுக்கு மூன்று தாள் போதும். அதற்கு மேல் குறித்தால் கதையை விட்டுவிட்டுக் கணக்கு எழுதுகிறீர்கள் என்று பொருள்.

தியேட்டரில் போனைத் திறந்து குறிக்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரரின் இருட்டைக் கெடுக்கும் வெளிச்சம் அது. திரில்லரில் பாதி வேலையை இருட்டுதான் செய்கிறது. இடைவேளையில் வெளியே வந்து ஐந்து நிமிடம் எழுதுங்கள், முடிந்ததும் பத்து நிமிடம். துல்லியமான நிமிடக் கணக்கு இரண்டாம் முறை ஓடிடியில் பார்க்கும்போது கிடைக்கும். கருத்தை எழுதுவதற்கு முன் இரண்டாம் முறை பார்ப்பது கட்டாயம். திரில்லரின் நேர்மை அப்போதுதான் தெரியும்.

இடைவேளை பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ்ப் படம் இடைவேளையை மனதில் வைத்தே எழுதப்படுகிறது. அந்தக் கட்டம் சப்பென்று இருந்தால் குறை சொல்லலாம். ஹாலிவுட் படங்களை அப்படி எழுதுவதில்லை, நம் தியேட்டர்தான் நடுவில் வெட்டுகிறது. "இன்டர்வல் பிளாக் வீக்" என்று அந்தப் படங்களின் மேல் பழி போடக் கூடாது.

படி 3: இடைவேளையிலேயே உங்கள் ஊகத்தை எழுதிவையுங்கள்

குற்றவாளி யார், ஏன் என்று ஒரு வரி. முடிந்தபின் எழுதினால் மனம் ஏமாற்றும்; எல்லாருக்கும் "முதலிலேயே தெரியும்" என்றுதான் தோன்றும்.

ஊகம் சரியாக இருந்தால் உடனே படத்தைக் குறை சொல்லிவிடாதீர்கள். எதை வைத்து ஊகித்தீர்கள் என்று பாருங்கள். படம் கொடுத்த தடயத்தை வைத்து என்றால் படம் நேர்மையாக ஆடியிருக்கிறது, நீங்கள் கூர்மையாகப் பார்த்திருக்கிறீர்கள். பெயர் பெற்ற நடிகர் ஒருவர் இரண்டே காட்சியில் வந்து சும்மா நின்றதை வைத்து என்றால், ரகசியம் நடிகர் தேர்விலேயே கசிந்துவிட்டது. இந்த இரண்டாவது நிஜமான குறை, எழுத வேண்டிய குறை.

படி 4: "லேக்" என்ற சொல்லை உடைத்துப் பாருங்கள்

தொடங்குபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. "லேக்" என்பது உங்கள் உடம்பு சொன்ன அறிகுறி. அதன் காரணத்தைத் தாளில் தேட வேண்டும். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

அதிகம் காணப்படுவது, ஒரே தகவலை இரண்டு முறை கொடுப்பது. கொலையாளியின் வண்டி எண்ணைப் பார்வையாளர் 40ஆம் நிமிடத்தில் பார்த்துவிட்டார். இன்ஸ்பெக்டர் அதைக் கண்டுபிடிக்க 55ஆம் நிமிடம் வரை அலைகிறார். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. அவர் கண்டுபிடிப்பதற்குள் வேறொருவருக்கு ஆபத்து வரும் என்று நமக்குத் தெரிந்தால் கதையே வேறு. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரிந்தால் பதினைந்து நிமிட சஸ்பென்ஸ், தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி என்று சஸ்பென்ஸ் பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியது இதைத்தான். அதனால் "நமக்கு முன்பே தெரியும்" என்பது மட்டும் குறை ஆகாது. தெரிந்ததை வைத்துப் பயத்தை உண்டாக்கினார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று வில்லனின் ஃபிளாஷ்பேக். தமிழ்த் தொடர்கொலைப் படங்களில் இது வழக்கமாகிவிட்டது. கடத்தப்பட்ட பெண்ணுக்கு இன்னும் சில மணி நேரம்தான் என்று படம் சொன்ன பிறகு, இருபது நிமிடம் வில்லனின் பள்ளிக்கூடக் காலத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஃபிளாஷ்பேக் முடிந்ததும் யாராவது ஒருவர் எடுக்கும் முடிவு அதனால் மாறுகிறதா? மாறினால் அதற்கு அங்கே இடம் உண்டு. மாறவில்லை என்றால் அது அனுதாபத்துக்காகச் செருகியது. அப்படியே எழுதுங்கள்.

கடைசியாக, தூரமும் நேரமும். தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயிலில் வர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும் என்பது சென்னைவாசிக்குக் கைரேகை போலத் தெரியும். நேப்பியர் பாலத்தில் தொடங்கிய துரத்தல் அடுத்த ஷாட்டில் ஈசிஆரில் இருந்தால், பாட்டுக் காட்சியில் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் "அந்த நேரத்தில் அவன் தாம்பரத்தில் இருந்தான்" என்பதே வழக்கின் அச்சாணி என்றால், படமே கடிகாரத்தைக் காட்டிவிட்டதால், அந்தக் கணக்கைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

படி 5: பொய் சொன்னது யார் என்று பாருங்கள்

பாத்திரம் பொய் சொல்லலாம். யாருடைய பார்வையும் அல்லாமல், நடந்த உண்மை என்று கேமரா காட்டுவது பொய்யாகக் கூடாது. இதைப் பழக நல்ல படம் எஸ். பாலசந்தர் இயக்கி ஏவிஎம் தயாரித்த 'அந்த நாள்' (1954). பாட்டே இல்லாத படம். ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபர்தான் பின்னணி. தொடக்கத்திலேயே துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, சிவாஜி இறந்துபோகிறார். சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் தன் கணக்கைச் சொல்கிறார். ஒவ்வொரு ஃபிளாஷ்பேக்குக்கும் சொல்பவர் ஒருவர் இருக்கிறார், ஆகவே பொய்க்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். தாளின் முதல் பத்தியில் நேரத்துக்குப் பதில் சொல்பவரின் பெயரைப் போட்டு இந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். புதிய படங்களில் கேமரா ஏமாற்றும் இடம் பிறகு தானாகவே உறுத்தும்.

படி 6: ஃபேன்டஸிக்கு விதி அட்டை

ஒரு சின்ன அட்டையில் நான்கு வரி போதும். இந்த உலகின் மந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, விலை என்ன, யாருக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அது சொல்லப்பட்ட பக்க எண்.

வேதாளம் கதையில் பழகுங்கள். அம்புலிமாமாவில் படித்த தலைமுறைக்கு அது மனப்பாடம் (1947இல் தொடங்கி, வடபழனியிலிருந்து பல பத்தாண்டுகள் வந்த இதழ்). விடை தெரிந்தும் விக்கிரமாதித்தன் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மறுபடி மரம் ஏறும். இரண்டு வரி விதி, இரண்டு பக்கமும் விலை. இருபத்தைந்து கதை அதன் மேல் நிற்கிறது. உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ நாவலில் (1968) விதி இன்னும் சுருக்கம்: ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தவருக்கு அதன் மேல் அதிகாரம் உண்டு.

கிளைமாக்ஸில் மந்திரம் காப்பாற்றினால் அட்டையைப் பாருங்கள். அது அட்டையில் இருந்தால் சரி. எழுநூறு பக்கம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைசி அத்தியாயத்தில் புதுச் சக்தி முளைத்தால் எழுத்தாளர் ஏமாற்றிவிட்டார். வாசகருக்கு மந்திரம் எவ்வளவு புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அதை வைத்துச் சிக்கலைத் தீர்க்கலாம் என்று ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் இதையே தன் முதல் விதியாகச் சொல்கிறார். விதியே சொல்லாத மந்திரமும் குறையல்ல. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் மந்திரவாதி கேன்டால்ஃபுக்கு என்னென்ன முடியும் என்று பட்டியல் கிடையாது, ஆனால் அழிக்க வேண்டிய தீய மோதிரத்தின் முடிவு அவருடைய மந்திரத்தால் நடப்பதில்லை. புரியாத மந்திரம் பிரமிப்பைக் கொடுக்கலாம், சிக்கலை உண்டாக்கலாம். சிக்கலைத் தீர்க்க மட்டும் வரக் கூடாது.

"மோதிரத்தை அழிக்க நடந்து போவானேன், கழுகு மேல் ஏறிப் போயிருக்கலாமே" என்பது டோல்கீன் மேல் எல்லாரும் சொல்லும் குற்றச்சாட்டு. இதை எழுதுமுன் அந்த உலகில் எதிரியிடமும் பறக்கும் நாஸ்குல்கள் (அவனுடைய பேய் அடியாட்கள்) உண்டு என்பதைக் கணக்கில் சேருங்கள். "நானாக இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன்" என்பதும் லாஜிக் ஓட்டையும் ஒன்றல்ல. கதை தன் விதியைத் தானே மீறினால்தான் ஓட்டை.

எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 55இல் மூன்று தொகுதியாக வந்தாலும் ஒரே நாவல். முதல் தொகுதியை மட்டும் படித்துவிட்டு "முடிவே இல்லை" என்பது பாதிச் சாப்பாட்டில் எழுந்து பாயசத்தைக் குறை சொல்வது போல. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் தொடர் 1996இல் தொடங்கியது, ஐந்தாம் நாவல் 2011இல் வந்தது. அதை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் 2019இல் தன் வழியில் முடிந்தது. அந்த முடிவுக்காக நாவலைத் திட்டக் கூடாது.

வாங்க வசதி இல்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ எழும்பூர் கன்னிமாராவுக்கோ தாளோடு போய் உட்காருங்கள்.

படி 7: எழுதும்போது தமிழ் காட்டிக்கொடுக்கும்

ஸ்பாய்லர் என்றால் கதையைச் சொல்வது மட்டும் என்று நினைக்கிறோம். தமிழில் சொல்லின் விகுதியே ரகசியத்தை உடைத்துவிடும். "கொன்றவன்" என்று எழுதியதும் பாதி சந்தேக நபர்கள் விடுதலை. "கொலையாளி", "கொன்றது யார்" என்று எழுதுங்கள். மரியாதைப் பன்மையும் ஆபத்து. எல்லாரையும் "அவர்" என்று எழுதிவிட்டு ஒருவரை மட்டும் "அவன்" என்றால் வாசகருக்குப் போதும். எல்லாருக்கும் ஒரே மரியாதை கொடுங்கள். "கடைசியில் பெரிய ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்பதும் ஸ்பாய்லர்தான், பார்ப்பவர் இரண்டு மணி நேரமும் அதற்காகவே காத்திருப்பார். படத்தின் முதல் இருபத்தைந்து நிமிடம், நாவலின் முதல் ஐம்பது பக்கம், இதைத் தாண்டிய எதையும் எச்சரிக்கை போடாமல் எழுதாதீர்கள்.

ஃபேன்டஸிச் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். எல்ஃபை "தேவதை" என்று எழுதினால் வாசகர் மனதில் வருவது வேறு உரு. டிராகனை "யாளி" ஆக்காதீர்கள். யாளி கோயில் தூணில் நிற்கும் சிங்கமுகம், அது நெருப்புக் கக்காது. தமிழில் பொருந்தும் சொல் இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் ஒலியை அப்படியே எழுதி, ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: முந்நூறு சொல்லில் முதல் கருத்து

முதல் ஐம்பது சொல்லில் கதை எதை வாக்களிக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த நூற்றைம்பதில் ஒரே ஒரு காட்சியை எடுத்து, தாளிலுள்ள நேரத்தோடு, வாக்கு எப்படிக் காப்பாற்றப்பட்டது அல்லது கைவிடப்பட்டது என்று காட்டுங்கள். மூன்று காட்சி வேண்டாம், ஒன்றை முழுதாக. மீதியில் நடிப்பும் இசையும்.

முதலில் பார்த்த மூன்று வரி, ஸ்பாய்லர் எச்சரிக்கை போட்ட பிறகு, இப்போது இப்படி மாறும்: "40ஆம் நிமிடத்தில் வண்டி எண் நமக்குத் தெரிந்துவிடுகிறது. போலீசுக்குத் தெரிய இன்னும் பதினைந்து நிமிடம். அந்த இடைவெளியில் யாருக்கும் ஆபத்து இல்லாததால் பதற்றமும் இல்லை. ஆனால் கடைசித் திருப்பத்துக்கான தடயம் மூன்றாம் நிமிடத்திலேயே, கதவோரம் கிடக்கும் செருப்பில் இருக்கிறது."