ஆங்கிலத்தில் ஒப்பிட்டு எழுதும் முறை

“வவுனிக்குளத்தை விட இரணைமடு பெரியது.” வட இலங்கையின் வன்னியிலுள்ள இரு குளங்களைப் பற்றிய இந்த வசனத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், வன்னிப் பிள்ளைகள் பலர் ‘வவுனிக்குளம் இஸ் பிக்கர் தான் இரணைமடு’ என்று எழுதிவிடுகிறார்கள். சொற்கள் எல்லாம் சரி, கருத்துத்தான் தலைகீழ். தமிழில் ‘விட’ ஏற்ற பெயர் பெரும்பாலும் முன்னால் வரும். ஆங்கிலத்தில் அது ‘தான்’ (than) என்ற சொல்லுக்குப் பின்னால் போகவேண்டும். ஆகவே தமிழ் வசனத்தில் ‘விட’ சேர்ந்த பெயரின் கீழ் முதலில் கோடிடுங்கள். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்றப் பெயரில் தொடங்குங்கள்: ‘இரணைமடு இஸ் பிக்கர் தான் வவுனிக்குளம்’. கீழ் வகுப்புகளுக்கு வேறெதையும் கற்பிக்க முன் இதைப் பழக்குவது நல்லது.

அடுத்த பிழை ‘இஸ் பிக் தான்’. தமிழில் ஒப்பிட்டாலும் ‘பெரியது’ மாறுவதில்லை. ஆங்கிலத்தில் பெயரடையே உருமாறும். எப்படி மாறும் என்பதற்கு, சொல்லை வாய்விட்டுச் சொல்லி அசைகளை எண்ணுங்கள்.

ஓரசைச் சொல் என்றால் ஒப்பீட்டுக்கு ஈ, ஆர். ‘ஆக’ என்று சொல்லும் உச்சத்துக்கு ஈ, எஸ், ரீ: டீப், டீப்பர், டீப்பஸ்ட். ‘லார்ஜ்’ ஏற்கெனவே ஈ எழுத்தில் முடிவதால் ஆர் மட்டும் போதும். ‘பிக்’, ‘ஹொட்’ போல ஓர் உயிரெழுத்தும் ஒரு மெய்யெழுத்துமாக முடிந்தால் கடைசி எழுத்து இரட்டிக்கும். ‘டீப்’ சொல்லில் ஈ இரண்டு இருப்பதால் பீ இரட்டிக்காது. ‘லோ’வின் டபிள்யூவும் இரட்டிக்காது. ‘ட்ரை’, ‘ஹெவி’ போல மெய்யெழுத்துக்குப் பின் வை வந்தால் அது ஐ ஆகிவிடும்.

மூன்றசையும் அதற்கு மேலும் என்றால் ‘மோர்’, ‘மோஸ்ட்’: ‘கீரிச்சம்பா இஸ் மோர் எக்ஸ்பென்சிவ் தான் நாட்டரிசி’. ஈரசைச் சொற்களில்தான் தடுமாற்றம். ‘ஈசி’ போல வை எழுத்தில் முடிபவை ‘ஈசியர்’ ஆகும். ‘நரோ’, ‘சிம்பிள்’ என்பனவும் அப்படியே. ‘யூஸ்ஃபுல்’, ‘கேர்ஃபுல்’ என்பவற்றுக்கு ‘மோர்’.

‘மோர் பிக்கர்’ பிழை. இரண்டில் ஒன்றே வரலாம். வித்தியாசம் பெரிதென்று காட்ட ‘மச் பிக்கர்’ என்று எழுதுங்கள், ‘வெரி பிக்கர்’ என்று அல்ல.

விதிக்கு அடங்காதவற்றை மனனம் செய்யத்தான் வேண்டும்: குட், பெட்டர், பெஸ்ட், பேட், வேர்ஸ், வேர்ஸ்ட், ஃபார், ஃபார்தர், ஃபார்தஸ்ட். வவுனியாவிலிருந்து வடக்கே போகும் ஏ9 வீதியின் ஊர்களை வைத்துப் பழகலாம்: ‘பரந்தன் இஸ் ஃபார்தர் ஃப்ரொம் வவுனியா தான் மாங்குளம்’.

‘ஆகப் பெரிய’ என்று வந்தால் முன்னால் ‘த’ போடுங்கள்: ‘முல்லைத்தீவு இஸ் த லார்ஜஸ்ட் டிஸ்ட்ரிக்ட் இன் த நோர்தேர்ன் ப்ரொவின்ஸ்’. இடத்தைச் சொல்ல ‘இன்’; ஐந்து மாவட்டங்களுள் என்று எண்ணிக்கையைச் சொல்ல ‘ஒஃப் த ஃபைவ்’. ‘மை’, ‘அவர்’ (our) முன்னால் வந்தால் ‘த’ வேண்டாம். ‘வன் ஒஃப் த லார்ஜஸ்ட்’ என்று தொடங்கினால் அடுத்த பெயர் பன்மையில் வரவேண்டும்: ‘டேங்க்ஸ்’. இந்த எஸ்ஸை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவர் வரைபொன்றை விளக்கும்போது இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,617 சதுர கிலோமீற்றர், கிளிநொச்சியினது 1,279. ‘த ஏரியா ஒஃப் முல்லைத்தீவு இஸ் லார்ஜர் தான் கிளிநொச்சி’ என்றால் பரப்பை மாவட்டத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘லார்ஜர் தான் தட் ஒஃப் கிளிநொச்சி’ என்று எழுதுங்கள். ஒப்பிடும் பொருள் பன்மையானால் ‘தட்’ போய் ‘தோஸ்’ வரும்.