டொராண்டோவில் பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் குழாய்த் தண்ணீரைப் பற்றி அறிய வேண்டியவை

ஒன்ராறியோ ஏரியிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படும் டொராண்டோ நகர நீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம். கவனிக்க வேண்டியது, அந்த நீர் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் கடைசிச் சில மீட்டர் தூரத்தில் எந்த உலோகத்தைத் தொட்டு வருகிறது என்பதுதான்.

1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் இந்த இணைப்புக் குழாய் காரீயமாக இருக்கக்கூடும். தண்ணீர் மீட்டர் பெரும்பாலும் பேஸ்மென்டில்தான் இருக்கும் என்பதால், அங்கே வாடகைக்கு இருப்பவர்களே இதை எளிதில் சோதித்துவிடலாம். மீட்டருக்கு வந்து சேரும் குழாயை ஒரு நாணயத்தால் மெல்லச் சுரண்டுங்கள். சாம்பல் நிறம் விலகி வெள்ளிபோல் மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் அது காரீயமாகவே இருக்கும். காந்தம் ஒட்டினால் இரும்பு. செந்நிறம் தெரிந்தால் செம்பு. செம்பு என்றாலும் முழு நிம்மதி கொள்ள முடியாது, ஏனெனில் அதன் மூட்டுகளைப் பற்றவைக்கக் காரீயம் கலந்த ஈயப்பற்றைப் பயன்படுத்தக் கனடாவின் தேசியக் குழாய் விதிகள் 1986 வரை இடமளித்தன.

காரீயம் கலந்த நீரில் நிறமோ மணமோ சுவையோ மாறாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும். சுடுநீர் காரீயத்தை அதிகம் கரைக்கும் என்பதால், உலை சீக்கிரம் கொதிக்கட்டும் என்று சுடுநீர்க் குழாயிலிருந்து பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இதை விட்டே ஆக வேண்டும்; சிசுவின் வளரும் மூளைக்கு இந்த உலோகம் செய்யும் கேட்டைப் பின்னர் சரிசெய்ய இயலாது.

2019இல் கனடா சுகாதாரத் துறை குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வகுத்தது. நகராட்சியும் 2014 முதல் நீரில் பாஸ்பேட் சேர்த்து, குழாயின் உட்புறத்தில் ஒரு காப்புப் படலம் படியச் செய்கிறது. ஆயினும் ஆறு மணி நேரத்துக்கு மேல் குழாயில் தேங்கிய நீரை ஐந்து நிமிடமாவது ஓடவிட்டபின் பிடியுங்கள். காலையில் யாராவது குளித்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். வடிகட்டி வாங்குவதானால், காரீயத்தை நீக்குவதற்கென என்எஸ்எஃப் 53 (NSF 53) என்ற வடிகட்டித் தரச் சான்று பெற்றதா என்று பெட்டியில் பாருங்கள்.

ஐயமிருந்தால் நகராட்சியின் தொலைபேசிச் சேவையான 311ஐ அழைத்துப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். குழாயை மாற்றும்படி வீட்டு உரிமையாளரை எழுத்துமூலம் கேட்கும்போது, தன் பக்கக் குழாயை அவர் மாற்றினால் தெருப் பக்கத்தை நகராட்சி மாற்றித் தரும் திட்டம் இருப்பதையும் குறிப்பிடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் எஞ்சிய பழைய குழாய் அசைந்து, சில காலம் நீரில் காரீயம் கூடிவிடக்கூடும்.