55 கேன்க்ரி: ஒரு சூப்பர் எர்த்தோட சூரியனை நம்ம ஊர் மாடியில இருந்து பைனாகுலர்ல பிடிக்கறது எப்படி

வாணியம்பாடி, ஆலங்காயம், நாட்றம்பள்ளி, அப்படியே பார்டர் தாண்டி குப்பம் வரைக்கும் இருக்கறவங்களுக்காக எழுதறேன், மத்த ஊர்க்காரங்களுக்கும் இதே வழிதான். சூப்பர் எர்த்னா வேற ஒரு நட்சத்திரத்தைச் சுத்துற, பூமியை விடப் பெருசா நெப்டியூனை விடச் சின்னதா இருக்கற கிரகம். அதுன்னு வீடியோல வர்ற கலர் படமெல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சது, பாறை சூப்பர் எர்த் ஒண்ணோட தரையையும் யாரும் போட்டோ எடுத்ததில்ல. ஆனா அப்படி ஒரு கிரகம் சுத்துற நட்சத்திரத்தை ஒரு சாதா பைனாகுலர் இருந்தா நாமே பாத்துடலாம், நிறைய பேருக்கு இது தெரியவே இல்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

நட்சத்திரம் பேரு 55 கேன்க்ரி, கடக ராசியில இருக்கு, தூரம் 41 ஒளியாண்டு, நம்ம சூரியன் வகைதான், கொஞ்சம் சின்னது, சூடு கொஞ்சம் கம்மி. அதுக்கு அஞ்சு கிரகம். எல்லாத்துக்கும் உள்ளார இருக்கறதுதான் 55 கேன்க்ரி இ, பூமி மாதிரி 8 மடங்கு எடை, விட்டம் 1.88 மடங்கு. நாம சூரியன்ல இருந்து 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கோம், அது வெறும் 23 லட்சம் கிலோமீட்டர்ல சுத்துது, அதனால அங்க ஒரு வருசம்னா 17 மணி 40 நிமிசம், அவ்வளவுதான்.

எப்ப பாக்கணும்னா மாசி, பங்குனி. மாசியில ராத்திரி பத்து மணி வாக்குல கடகம் உச்சிக்கே வந்துடும். என்னைக் கேட்டா சிவராத்திரியை விட நல்ல நாள் கிடையாது, எப்படியும் முழிச்சிருக்கப் போறோம், நிலாவும் விடியற நேரத்துக்குத்தான் எழும்பும். சித்திரையில இருட்டினதும் பாத்துடணும், ஆனி வந்துட்டா மேற்கால இறங்கிப் போயிடும்.

எங்க நின்னு பாக்கறதுங்கறது முக்கியம். சென்னை பெங்களூர் ஹைவே ஓரத்துல லைட் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைப் பக்கம் ஏறிட்டீங்கன்னா வானமே வேற. காவலூர்ல அப்சர்வேட்டரி வெச்சதுக்கே அந்த இருட்டு ஒரு காரணம், அங்க இருக்கற 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் 1986ல திறந்தது, இப்ப நீங்க பாக்கப்போற வெளிச்சம் கிட்டத்தட்ட அந்த சமயத்துல 55 கேன்க்ரியில இருந்து கிளம்பினது. ஒரே ஒரு வேண்டுகோள், காவலூர் கிட்ட ராத்திரியில வண்டியோட ஹை பீம், டார்ச் எதையும் மேல அடிக்காதீங்க, உள்ள யாரோ மங்கலான ஒரு புள்ளியை மணிக்கணக்கா பிடிச்சிகிட்டு இருப்பாங்க.

சரி, தேடற வழி. மொதல்ல புனர்பூசத்து ரெண்டு நட்சத்திரம், பிரகாசமா பக்கத்துல பக்கத்துல நிக்கும். அதுல இன்னும் பளிச்சுனு இருக்கறது பொல்லக்ஸ். அங்கிருந்து நேர் கிழக்கால, அதாவது மகம் இருக்கற சிம்மத்துப் பக்கமா, புனர்பூசத்து ரெண்டு நட்சத்திரத்துக்கும் நடுவுல இருக்கற தூரத்தை மூணு தடவை அளந்துகிட்டு வாங்க, தனியா ஒரு மங்கல் நட்சத்திரம் மாட்டும், அது அயோட்டா கேன்க்ரி. சந்தேகமா இருந்தா பூசத்துகிட்ட பஞ்சு மாதிரி தெரியற நட்சத்திரக் கூட்டத்துல இருந்து வடக்கால கையை நீட்டி ஒரு முஷ்டி அளவு போங்க, அதே இடத்துக்குத்தான் வருவீங்க. இப்ப 10x50 (10 மடங்கு பெருசா காட்டுற, 50 மில்லிமீட்டர் லென்ஸ்) பைனாகுலர்ல அயோட்டாவை வெச்சுகிட்டு கிழக்கால மூணு நிலா அகலத்துக்கு கொஞ்சம் கம்மியா நகத்துங்க, கிட்டகிட்ட ரெண்டு மங்கல் புள்ளி தெரியும், ரெண்டுல கொஞ்சம் பிரகாசமா இருக்கறதுதான் 55 கேன்க்ரி. அதைத் தாண்டி இன்னொண்ணு நல்லா தெரியும், அது ரோ 2ங்கற வேற நட்சத்திரம், அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க. ஸ்டெல்லேரியம்ங்கற வான வரைபட ஆப்ல 55 கேன்க்ரியோட பட்டியல் நம்பர் ஹெச்டி 75732ன்னு போட்டு சரிபார்த்துக்கலாம், ஆனா போன் வெளிச்சத்தை சிவப்பு மோடுக்கு மாத்திட்டு பாருங்க.

கிரகம் கண்ணுக்குத் தெரியாது. அது நட்சத்திரத்துக்கு குறுக்கால போறப்போ வெளிச்சம் 10,000ல 3 பங்குதான் குறையுது, 2011ல ஸ்பிட்சர், மோஸ்ட் ரெண்டு விண்வெளி டெலஸ்கோப்பும் அதைப் பிடிச்சாங்க. அதுக்கு முந்தின கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, பேப்பர் எடுத்து நீங்களே போட்டுப் பாக்கலாம். 2004ல கிரகம் இழுக்கறதால நட்சத்திரம் லேசா ஆடறதை வெச்சு இந்த கிரகத்தைக் கண்டுபிடிச்சப்போ ஒரு சுத்துக்கு 2.8 நாள்னு சொன்னாங்க. 24 மணியை 17.68 ஆல (அந்த 17 மணி 40 நிமிசம் சொச்சம்தான்) வகுங்க, ஒரு நாளைக்கு 1.357 சுத்து. ஆனா தரையில இருக்கற டெலஸ்கோப் ராத்திரிதான் பாக்கும், ஜாத்திரையில ராட்டினத்தை நிமிசத்துக்கு ஒரு தடவை மட்டும் கண்ணைத் திறந்து பாத்தா முழுசா சுத்தினது தெரியாம மிச்சம் நகந்தது மட்டும் தெரியுமே, அதே கதைதான், அந்த 1 காணாம போயி 0.357 மட்டும் மிஞ்சும். 1ஐ 0.357 ஆல வகுத்தா 2.8 நாள்! 2010ல ரெபெக்கா டாசன், டேனியல் ஃபாப்ரிக்கினு ரெண்டு விஞ்ஞானிங்க இதைக் கண்டுபிடிச்சு சரியான கணக்கைச் சொன்னாங்க, அடுத்த வருசம் அந்த கணக்குப்படியே கிரகம் குறுக்க வந்துச்சு.

பாறையான்னு தெரிஞ்சுக்க இன்னொரு கணக்கு. 1.88 x 1.88 x 1.88 போட்டா 6.64, அதாவது பூமியை விட அத்தனை மடங்கு கன அளவு. எடை 8ஐ அதால வகுத்தா 1.2. பூமியோட அடர்த்தி 5.5, அதோட பெருக்கினா 6.6 வரும். தண்ணிக்கு 1, வியாழனுக்கு 1.3, அப்ப இது வாயு உருண்டை இல்ல. ஆனா பூமியைச் செஞ்ச அதே சரக்கை எட்டு மடங்கு குவிச்சா சொந்த எடையிலயே இறுகி இதைவிட அடர்த்தியா ஆயிருக்கணும், அதனால லேசான ஏதோ ஒண்ணு மேல இருக்கணும்னு ஒரு சந்தேகம் இருந்துகிட்டே இருந்துச்சு. 2024ல ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் பாத்தப்போ பகல் பக்கம் 2200 டிகிரி செல்சியஸ் இருக்கும்னு நெனைச்சது 1540 கிட்டதான் இருந்துச்சு, காத்து மண்டலம் ஒண்ணு சூட்டை ராத்திரி பக்கத்துக்கு கொண்டு போகுதுன்னும், கீழ இருக்கற பாறைக்குழம்புல இருந்து கிளம்புற கார்பன் மோனாக்சைடோ டை ஆக்சைடோ அதுல இருக்கும்னும் சொல்றாங்க.

இதே கணக்கை கெப்ளர் 10பிங்கற இன்னொரு கிரகத்துக்கும் போட்டுப் பாருங்க, 2011ல அறிவிச்சாங்க, அதுவும் சூரியன் மாதிரி நட்சத்திரத்தைத்தான் சுத்துது, விட்டம் 1.47 மடங்கு, எடை 3.3 மடங்கு, பூமியோட அடர்த்தியை ஒட்டியே வரும்.