பழைய ஃப்ளாப்பியில் இருப்பதை எடுப்பது எப்படி?

மதுரையில் தொண்ணூறுகளில் டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) தொழில் பார்த்தவர்கள் வீட்டு பீரோவில் இன்றும் ஒரு டப்பா ஃப்ளாப்பி கிடக்கும். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பரீட்சை வினாத்தாள் என்று எதுவும் அதில் இருக்கலாம். பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம், அவசரப்பட்டு டிரைவில் செருகாமல் இருந்தால்.

வாங்க வேண்டியவை: 3.5 அங்குல யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், நுரைக் குச்சி. பின்னவை இரண்டும் டவுன்ஹால் ரோடு பக்கம் மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மெடிக்கலில் தரும் ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணீர் உண்டு. காது பட்ஸும் வேண்டாம், பஞ்சு பிரிந்து உள்ளே ஒட்டும். 5.25 அங்குலப் பெரிய டிஸ்க் இந்த டிரைவில் போகாது, தனியே எடுத்து வையுங்கள்.

1. பூட்டுங்கள். டிஸ்க்கின் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி, ஓட்டை தெரியும்படி வையுங்கள். ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது, மூடியிருந்தால் எழுதலாம். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எதிர் மூலையிலும் ஓட்டை இருந்தால் அது 1.44 எம்பி டிஸ்க், இல்லாவிட்டால் 720 கேபி.

2. உள்ளே பாருங்கள். இரும்பு மூடியை விரலால் தள்ளிப் பிடித்து, பின்பக்க உலோக வட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். பழுப்புப் படலம் ஒரே சீராக மினுங்க வேண்டும். வெள்ளைப் புள்ளியோ நூலாம்படை போலவோ தெரிந்தால் பூசணம். ஐப்பசி மழை ஈரத்தில் பூட்டிய பீரோவுக்குள் இது சர்வசாதாரணம். டிரைவின் ஹெட் (படிக்கும் முனை) படலத்தைத் தொட்டபடியேதான் படிக்கிறது. பூசணம் ஹெட்டில் ஒட்டினால் அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் சுரண்டிவிடும். குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, படலத்தைச் சுழற்றியபடி இரு பக்கமும் லேசாகத் துடையுங்கள். நன்கு காய்ந்த பிறகே அடுத்த வேலை. மூடி வளைந்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்; உள்ளே மாட்டினால் ஹெட்டையே பிய்த்துவிடும்.

3. முக்கியமில்லாத டிஸ்க்கைப் போட்டு டிரைவைச் சோதியுங்கள். கிறீச் என்றால் உடனே வெளியே எடுங்கள்.

4. படிமம் எடுங்கள், அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக நகலெடுங்கள். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நலிந்த டிஸ்க்குக்கு ஒவ்வொரு சுற்றும் தேய்மானம். விண்டோஸ் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் கேன்சல் மட்டுமே பதில். படிமம் எடுக்கும் வின்இமேஜ் மென்பொருளில் 'ரீட் டிஸ்க்' கொடுத்தால், நல்ல டிஸ்க் ஓரிரு நிமிடத்தில் முடியும். 1.44 எம்பி டிஸ்க்கின் படிமம் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும்: 80 தடம் (வட்டப் பாதை), 2 பக்கம், தடத்துக்கு 18 செக்டார் (துண்டு), செக்டாருக்கு 512 பைட்.

பாதியில் நின்றால் உபுண்டு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். அது நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, பிறகு கெட்ட செக்டார்களுக்குத் திரும்பும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று மேப் கோப்பில் குறித்தும் வைக்கும். அந்தக் கோப்பைக் கவனமாக வைத்திருங்கள். துடைத்துவிட்டோ வேறு டிரைவிலோ அதே மேப்போடு ஓட்டினால் விட்டுப்போனவற்றை மட்டும் தேடும். வேறு டிரைவ் என்பது சும்மா சொல்வதல்ல: ஹெட் சற்று விலகிய டிரைவில் எழுதிய டிஸ்க் மற்றொன்றில் முரண்டு பிடிக்கும்.

'ஃபார்மேட் ஆகவில்லை' என்ற செய்தி வந்தாலும் கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. 1.44 எம்பி டிஸ்க்கில் முதல் செக்டார் பூட் பகுதி, அடுத்து எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணை இரண்டு பிரதி, பிறகு பெயர்ப் பட்டியல். கோப்புகள் 34-ஆவது செக்டாரில்தான் தொடங்குகின்றன. முதல் செக்டார் மட்டும் கெட்டிருந்தால், நல்ல டிஸ்க் ஒன்றின் பூட் செக்டாரைப் படிமத்தின் நகலில் ஒட்டினாலே பெரும்பாலும் திறந்துவிடும்.

5. கோப்பு திறந்தும் எழுத்து கன்னாபின்னாவென்று தெரிந்தால் பயம் வேண்டாம். அது பாமினி, டாம், டாப் போன்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறையில் தட்டியது. வேர்டில் எழுத்துருப் பெயரைப் பார்த்து, அதற்குரிய மாற்றியில் யூனிகோடாக்குங்கள். பெயர் தெரியாமல் குருட்டாம்போக்கில் மாற்றினால் ஒற்றும் கொம்பும் இடம் மாறிவிடும்.

ஏஆர்ஜே என்ற சுருக்கும் மென்பொருளில் துண்டாக்கி மூன்று நான்கு டிஸ்க்கில் போட்ட பேஜ்மேக்கர் (பக்கம் அமைக்கும் மென்பொருள்) கோப்பு என்றால், எல்லா டிஸ்க்கும் கிடைத்த பிறகே விரித்தெடுக்கத் தொடங்குங்கள்.