பேரனின் எச்சில் போதாது: போரில் தொலைந்தவரைத் தேடும்போது தவிர்க்க வேண்டியவை

போன மாதம் யாங்கூனில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, டி.என்.ஏ. சோதனைக்கு என் எச்சில் போதாதா? நான்தானே பேரன்?" ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் காணாமல் போனவர்களைத் தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு வம்சப் படம் போட்டுக் கொடுக்கிறேன். எலும்பைக் கழுவாதே, சாக்கில் அள்ளாதே என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பாசத்தைப் பார்த்து சாம்பிள் எடுப்பது

நான் சூடுபட்டது இதில்தான். போப்பா மலைப் பக்கம், 1945-இல் ஐ.என்.ஏ. (பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) சண்டையிட்ட இடத்தில், கிணறு வெட்டும்போது எலும்புகள் கிடைத்தன. தாத்தா அந்தப் படையோடு போனவர் என்று தட்டோன் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. பேரனுக்கு இரட்டைச் சொந்தம்: அம்மா தாத்தாவின் மகள், அப்பா தாத்தாவின் தங்கை மகன். இரண்டு பக்கமும் அதே ரத்தம், இவரைவிடப் பொருத்தமான ஆள் ஏது என்று எச்சிலை அனுப்பிவிட்டேன். பொருந்தவில்லை.

எப்படிப் பொருந்தும்? அத்தனை வருஷம் மண்ணில் கிடந்த எலும்பில் பெரும்பாலும் மிஞ்சுவது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.தான். ஒவ்வொரு செல்லிலும் அதற்கு ஏராளமான பிரதிகள் உண்டு. ஆனால் அது தாய்வழியில் மட்டுமே இறங்கும். தாத்தாவுக்கு அவர் அம்மா கொடுத்தது. தன் பிள்ளைகளுக்கு அவரால் கொடுக்க முடியாது. பேரனிடம் இருந்தது பாட்டியுடையது. ஆண்வழியில் இறங்கும் ஒய் குரோமோசோமோ பங்காளிகளிடம்தான் இருக்கும். பேரனுக்கு வந்தது தாத்தாவின் தங்கையைக் கட்டியவருடையது. இரட்டைச் சொந்தம், இரண்டு வழியிலும் பூஜ்யம்!

சரியான ஆள், தாத்தாவோடு பிறந்தவள் பெற்ற பிள்ளைகள். அவர்களில் பெண்மக்கள் வயிற்றுப் பிள்ளைகள். பேரனின் அப்பாவே போதும், ஆனால் அவர் காலமாகியிருந்தார். அவருடைய அக்கா, அதாவது பேரனின் அத்தை, நாங்கள் எச்சில் எடுத்த அதே திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறவுங்கள் அம்மா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தப்பு புரிந்து மறுபடி போனபோது அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. பிள்ளை இல்லாதவர். பங்காளிகள் 1964-இல் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறியவர்கள், முகவரி கிடையாது. எலும்புகள் இன்னும் பெயரில்லாமல் பெட்டியில்.

பொருந்தியிருந்தாலும் 'இருக்கலாம்' என்றுதான் அர்த்தம். ஒரே தாய்வழி பலருக்கு இருக்கும். வயது, உயரம், பழைய எலும்பு முறிவு எல்லாம் கூட ஒத்துவர வேண்டும்.

கூடக் கிடந்த பொருளை நம்புவது

1942 பிப்ரவரி 23 அன்று சிட்டாங் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டபோது எதிர்க்கரையில் சிக்கிய பிரிட்டிஷ் படையினர் பூட்ஸையும் துப்பாக்கியையும் போட்டுவிட்டு நீந்தினார்கள். அந்தக் கரையில் எவன் பொருள் எவன் பக்கத்தில் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது? பிரிட்டிஷ் படையாளின் கழுத்தில் தொங்கும் அடையாள வில்லை உதவும் என்பார்கள். அது அழுத்திய நாரால் செய்தது, பர்மா மழையில் மட்கிப்போகும்.

பெயரை வைத்துத் தேடுவது

முனுசாமி, மூனியசாமி, எம். சாமி. எழுத்தர் கைக்கு வந்தபடி ஒரே ஆள். படை எண்ணைப் பிடியுங்கள். பழைய பென்ஷன் தாளில் கிடைக்கலாம்.

ஐ.என்.ஏ. ஆளைத் தவுக்கியானில் தேடுவது

யாங்கூனுக்கு வடக்கே உள்ள அந்தப் போர்க் கல்லறைத் தோட்டத்தின் தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள், எல்லாம் பிரிட்டிஷ் தரப்பு. கால் வலிதான் மிச்சம்.

தகனமானவருக்குக் குழி தேடுவது

பிரிட்டிஷ் படையில் இருந்த இந்து, சீக்கியச் சிப்பாய்களை முடிந்த இடத்தில் எரித்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று தவுக்கியானிலேயே தனி நினைவுச்சின்னம் உண்டு. முதலில் அதைப் படியுங்கள்.

அந்தத் தம்பியிடம் எச்சில் வாங்கவில்லை. தாத்தாவோடு பிறந்த பெண்கள் யார் யார், அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளில் யார் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.