அம்மம்மாவின் கதையை எழுதி வைக்க

எங்கள் அம்மம்மா கொலனிக்கு வந்த முதல் சனத்தில் ஒருத்தி. கிழக்கிலங்கையில் காடு வெட்டிச் சனத்தைக் குடியேற்றிய அரசாங்கத்தின் கல்லோயாத் திட்டத்தில், இன்றைய அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். அவவுக்கு அது இன்றைக்கும் கல்லோயா இல்லை, பட்டிப்பளை ஆறு. மூன்று வருசமாக அவவின் கதையை எழுதி வருகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மனுசி இருந்தால், அவ நல்லாப் பறையிற காலத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

முதல்நாள் போனை முன்னால் வைத்து, "உங்கட வாழ்க்கையைச் சொல்லுங்க அம்மம்மா" என்றேன். "என்னத்த மனே சொல்ற? வந்தம், வெட்டினம், வெதச்சம்." அதோடு முடிந்தது. பிறகொரு நாள் அவ சுளகில் குரக்கன் புடைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் குந்தியிருந்து, "அப்ப உலைக்குத் தண்ணி எங்க எடுத்தீங்க?" என்று கேட்டேன். பூவல் (தண்ணி ஊறத் தோண்டும் சின்னக் குழி) தோண்டியது, விடியப்புறம் அங்கே யானை நின்றது, குடத்தைப் போட்டுவிட்டு ஓடியது, அந்தக் குடத்துக்காக மாமியிடம் ஏச்சு வாங்கியது என்று ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டது. ஆகவே சாமானைப் பற்றிக் கேளுங்கள்: அடுப்பு, கத்தி, பாய், குப்பி விளக்கு.

எந்த வருசம் என்று கேட்க வேண்டாம். கொப்பியில் கோடு போட்டு 1957 வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 சுனாமி என்று குறித்துக்கொண்டு, "வெள்ளத்துக்கு முந்தியா, மறுகாவா?" என்று கேளுங்கள். "மூத்தவன் தத்தித் தத்தி நடக்கக்குள்ள வெள்ளம்" என்றா. மாமாவின் வயதும் அவர்கள் வந்த காலமும் அதிலேயே பிடிபட்டன.

றங்குப்பெட்டியில் உள்ள கடதாசிகளை வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு, அவ கண்முன்னாலேயே திருப்பி வையுங்கள். 1961க்கு முந்திய கடதாசியில் மட்டக்களப்பு மாவட்டம் என்றிருந்தால் குழம்ப வேண்டாம். அம்பாறை தனி மாவட்டமானது அந்த ஆண்டில்தான்.

காணி பேமிட், அதாவது அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரம், அம்மப்பாவின் பேரில் இருந்தது. எங்கள் ஊர்களில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். ஆனால் கொலனிக் காணியைப் பற்றிப் பேசினால் எல்லாரும் "அம்மப்பா திருத்தின காணி" என்றே சொல்வார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆர் என்ன வேலை செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான் சொன்னா: "டோசர் பெரிய மரத்தத் தள்ளிற்றுப் போயிரும். ஆம்புளயள் கிளையத் தறிப்பாங்க. கூட்டி எரிச்சது நாங்க, வேர் கிளப்பினது நாங்க. ராவைக்குப் பரணில புள்ளய மடியில வெச்சிக் காவலும் நாங்கதான்." தயவுசெய்து இந்தக் கேள்வியை விடாமல் கேளுங்கள். கடதாசியில் பேர் இல்லாதவளின் உழைப்பைச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை.

அவ சொல்லை அப்படியே எழுதுங்கள். களவெட்டியில், அதாவது சூடடிக்கும் களத்தில், நெல்லைப் பொலி என்பா, நெல் என்று திருத்த வேண்டாம். 'மறுகா'வைப் 'பிறகு' ஆக்கவும் வேண்டாம்.

கிழக்கில் போரும் கொலைகளும் நடந்த 1990 பற்றிய பேச்சு வந்தபோது அவ நிறுத்திவிட்டா. போனை அணைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து அவவே தொடங்கினா, பதிய வேணாம் என்று சொல்லிக்கொண்டு. பதியவில்லை. அது என் கொப்பியிலும் இல்லை.

ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம் போதும். காற்றாடியை நிறுத்துங்கள். அன்றிரவே பதிவுக்குப் பேரும் திகதியும் போட்டு, இன்னொருவர் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

எழுதியதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பரணில் இருந்து கத்திக் கத்திப் பன்றி விரட்டியதாக நான் எழுதிய இடத்தில் கையைக் காட்டி மறித்தா. "கத்தல்ல மனே. பாடினன்." ரெண்டு வரி பாடினா, இருமல் வந்துவிட்டது. மிச்சத்தைப் பதிய வரும் போயா (பௌர்ணமி) லீவுக்குப் போகிறேன்.