அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்ட சொற்பொழிவுத் தொடர்: மடகாஸ்கரை வைத்து ஒரு செய்முறை

நாலு சனிக்கிழமை, நாலு பேச்சு, வாசலில் ஓர் உண்டியல். நிதிக்காக நடத்தும் சொற்பொழிவுத் தொடர் என்றால் பெரும்பாலும் திட்டம் இவ்வளவுதான். இதில் முதலில் தூக்கி எறிய வேண்டியது அந்த உண்டியலை. காரணம் மூன்றாம் படியில் வருகிறது.

1. எதற்குப் பணம்?

‘அருங்காட்சியக வளர்ச்சிக்காக’ என்று நோட்டீஸில் போட்டால் யாரும் பர்ஸைத் திறப்பதில்லை. காப்பாளரிடம் பேசி ஒரே ஒரு பொருளை முடிவு செய்யுங்கள். புதுச்சேரி, கடலூர் மாதிரிக் கடலோர ஊர்களில் என் பரிந்துரை, காற்றுப் புகாத கண்ணாடிப் பேழை. கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் வெண்கலச் சிலையில் வெளிர்பச்சையாகப் பொடி பூக்கும். துடைத்தால் போகாது, உலோகத்தை உள்ளே அரித்துக்கொண்டே போகும். பேழையின் அடித்தட்டில் சிலிக்கா ஜெல் வைத்து ஈரத்தைக் குறைத்தால்தான் அது அடங்கும். இதை ஒரு படத்தோடு சொன்னால் வந்தவர்களுக்கு உடனே புரியும்.

அரசு அருங்காட்சியகம் என்றால் பணமாகக் கொடுக்க முயலாதீர்கள். எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்ற கேள்வியிலேயே கோப்பு நின்றுவிடும். பொருளாக வாங்கித் தருகிறோம் என்று துறைக்கு எழுதி, ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் அடியுங்கள்.

2. நாடும் தலைப்புகளும்

நாலு பேச்சும் ஒரே நாட்டைப் பற்றி இருக்கட்டும். தூரத்து நாடாக இருக்கலாம், ஆனால் உள்ளே நுழைய நம்ம ஊர் வாசல் ஒன்று வேண்டும். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள தீவு நாடான மடகாஸ்கருக்கு அப்படி வாசல்கள் நிறைய.

முதல் பேச்சு செடிகள். மே மாதம் தெருவெல்லாம் சிவக்கிற குல்மொகர் மடகாஸ்கர் மரம். மணல் பாங்கான இடமெல்லாம் தானாக முளைக்கிற நித்தியகல்யாணியும் அங்கிருந்து வந்ததுதான். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து எடுத்தது. ஒரு தொட்டியில் நித்தியகல்யாணியை மேடையில் வைத்துவிட்டால் பேச்சாளருக்கு முன்னுரையே தேவையில்லை. அடிமரம் பீப்பாய் போலப் பருத்த பாவோபாப் மரத்தில் உலகத்தில் உள்ள எட்டு இனங்களில் ஆறு மடகாஸ்கரில் மட்டுமே உண்டு என்பதையும் இதிலேயே சேர்த்துவிடலாம்.

இரண்டாவது விலங்குகள். மடகாஸ்கரின் மரவிலங்கான லெமூரைக் குரங்கு என்று நோட்டீஸில் போடாதீர்கள். அதற்கு நெருங்கிய சொந்தம் நம் தேவாங்கு. 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டதை இங்கே இணைக்கலாம்.

மூன்றாவது மக்களும் பண்பாடும். அவர்கள் பேசும் மலகாசி மொழிக்கு உறவு ஆப்பிரிக்காவில் இல்லை, தென்கிழக்கு ஆசியாவின் போர்னியோ தீவில் இருக்கிறது. மூங்கில் குழாயில் நரம்பு கட்டிய வாலிஹா வாத்தியம், மூன்று வேளையும் அரிசிச் சோறு, மேட்டுநிலத்தில் முன்னோர் எலும்புகளை வெளியே எடுத்துப் புதுத்துணி சுற்றும் ஃபமதிஹானா சடங்கு எல்லாம் இதில் வரும். அந்தச் சடங்கின் படத்தைப் போஸ்டரில் போடக் கூடாது. அது அவர்கள் வீட்டுத் திதி. அரங்கில் விளக்கத்தோடு காட்டினால் போதும்.

நான்காவது வரலாறு. 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படை, வழியில் புயலில் சிக்கி மடகாஸ்கர் கரையில் பழுதுபார்த்துவிட்டுத்தான் புதுச்சேரி வந்தது. அந்தக் காலத்துப் புதுச்சேரியை எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்த ஒருவரைப் பேச வையுங்கள், கூட்டம் தானாக வரும்.

3. பணம்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

முதலில் ஒரு மாதிரிக் கணக்கு. டிக்கெட் 200 ரூபாய், ஐம்பது பேர் வந்தால் 10,000. அரங்கு 3,000, ஒலிபெருக்கி 1,500, டீயும் சுண்டலும் 1,500, அச்சு 1,000, பேச்சாளர் பயணம் 2,500. கையில் மிஞ்சுவது 500. டிக்கெட் செலவுக்கு மட்டுமே கட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதி வருவது நன்கொடையில்தான். அதைப் பெறுவது பதிவு பெற்ற ஒரு சங்கமோ அறக்கட்டளையோவாக இருக்க வேண்டும்.

இனி உண்டியல். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தரும் நன்கொடை, ரூபாய் நோட்டாகவே இருந்தாலும், எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. அந்தப் பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். சரி, வெள்ளைக்காரர் வந்தால் தெரிந்துவிடுமே என்று நினைக்காதீர்கள். இது புதுச்சேரி. வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுத் தாத்தாவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கலாம். பெங்களூரிலிருந்து வந்த பேத்தி, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைக்காரராக இருக்கலாம். ஓ.சி.ஐ. என்றாலும் வெளிநாட்டுக் குடியுரிமைதான். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தில் கொடுத்தால் சிக்கல் இல்லை. உண்டியலில் விழுந்த நோட்டில் இதெல்லாம் எழுதியிருக்காது. சுவரில் ஒட்டிய க்யூ.ஆர். கோடுக்கும் இதே வியாதி.

ஆகவே ஒரு மேசை, ஒருவர், ஒரு படிவம். பெயர், முகவரி, பான் எண், குடியுரிமை ஆகியவற்றை எழுதி வாங்கிய பிறகுதான் ரசீது. டிக்கெட் ரசீது புத்தகமும் நன்கொடை ரசீது புத்தகமும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரிச் சலுகை நன்கொடைக்குத்தான், டிக்கெட்டுக்கு இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் சலுகை கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமையாளர்கள் டிக்கெட் வாங்கி வந்து பேச்சைக் கேட்கட்டும். ஆனால் டிக்கெட் விலையை ஊதிப் பெருக்கி அதையே நன்கொடையாக்கும் யோசனை இருந்தால், ஆடிட்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

பொருளாளரின் சொந்த ஜிபே எண்? வேண்டவே வேண்டாம்.

4. தேதி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறந்துவிடுங்கள். 2011-இல் ‘தானே’ புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30. பொங்கல் முடிந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நடத்துங்கள். மாசிமகத்தன்று வைக்க வேண்டாம், கடற்கரைப் பக்கம் வண்டி நகராது.

5. ஸ்லைடும் ஒலியும்

பேச்சாளர் வீட்டில் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், அரங்கத்து லேப்டாப்பில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக விரியும். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். அப்படியும் கொம்பும் காலும் தனித்தனியே நிற்கலாம் என்பதால் பி.டி.எஃப். ஆக மாற்றி வாங்குங்கள். வீடியோ அதில் ஓடாது, தனிக் கோப்பாகக் கேளுங்கள்.

இந்திரி லெமூரின் கூவல் காட்டில் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். அதை ஒரு நிமிடம் ஒலிக்கவிட்டால் அரங்கமே நிமிர்ந்து உட்காரும். ஆனால் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் பெரும்பாலான லேப்டாப்கள் ஒலியைப் புரொஜெக்டரின் குட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ஒலி அமைப்பில் ஹெட்போனைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து மிக்சருக்குத் தனி ஒயர் இழுங்கள்.

அய்-அய் என்ற லெமூர் இரவு விலங்கு. படம் லேப்டாப்பில் அழகாக இருக்கும், திரையில் வெறும் கறுப்பு. பேச்சாளரிடம் சொல்லிப் படத்தின் வெளிச்சத்தை முன்பே கூட்டிவையுங்கள். பிரெஞ்சுக் காலத்துக் கட்டடங்களில் ஜன்னல்கள் ஆளைவிட உயரமாக இருக்கும், உள்ளே வரும் வெளிச்சத்தில் திரை மங்கும்; பொழுது சாய்ந்த பிறகு 6.30-க்குத் தொடங்குவதே நல்லது. மைக்கில் என் ஓட்டு கைமைக்குக்கு. சட்டைக் காலர் மைக் உயரமான கூரைக்குக் கீழே எதிரொலியையும் சேர்த்து வாங்கும்.

இணையத்தில் கிடைத்த படங்களை அப்படியே எடுக்காதீர்கள். பிறர் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளதை எடுத்து, எடுத்தவர் பெயரை ஸ்லைடிலேயே போடுங்கள்.

6. அன்று மாலை

நாற்பது நிமிடம் பேச்சு, இருபது நிமிடம் கேள்வி. நன்கொடை வேண்டுகோள் கேள்விகளுக்கு முன்னால் இரண்டே நிமிடம், பேழையின் படத்தைக் காட்டியபடி. கடைசியில் வைத்தால் பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். டீ வெளியே, காட்சிப் பொருட்கள் பக்கம் வேண்டாம். நன்கொடை மேசையை டீ மேசைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

பின்சேர்க்கை

பிரெஞ்சு பேச்சாளர் வந்தால் மொழிபெயர்ப்பு எப்படி என்று சிலர் கேட்டிருந்தார்கள். பத்திக்குப் பத்தி தமிழில் சொன்னால் நேரம் இரட்டிப்பாகும், அதனால் இருபது நிமிடத்துக்கான விஷயத்தையே கேளுங்கள். ஸ்லைடு தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். பேச்சை இரண்டு நாள் முன்பாவது அவரிடம் கொடுத்துவிடுங்கள், விலங்குப் பெயர்களில்தான் தடுமாறுவார்கள்.

கடலூரில் நடத்துபவர்களுக்கு: பள்ளி அரங்குதான் மலிவு, ஆனால் மார்ச்சில் பொதுத்தேர்வு வந்துவிடும். நாலு பேச்சையும் பிப்ரவரிக்குள் அடக்க முடியாவிட்டால் மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். செடிகளையும் விலங்குகளையும் ஒரே மாலையில் சேர்க்கலாம்.